சின்னப் பிள்ளைக்கு முதல் டிராம்போன்: கையை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

டிராம்போன் என்பது குழாயை நீட்டிச் சுருக்கி ஊதும் மேல்நாட்டுப் பித்தளைக் கருவி. அதைக் கற்க வரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் முதலில் சொல்லித் தருவது பி ஃபிளாட் ஸ்கேல். நம் கணக்கில் சொன்னால் ஆறரைக் கட்டையில் சங்கராபரணம். நீளும் அந்தக் குழாய்தான் ஸ்லைடு, அதை நிறுத்தும் ஏழு இடங்கள்தான் பொசிஷன். சட்ஜம் முதல் பொசிஷனில் வந்துவிடும். ஸ்லைடை முழுக்க உள்ளே வைத்து ஊதினால் போதும். அடுத்த ரிஷபத்துக்கோ ஆறாவது பொசிஷனுக்குப் போக வேண்டும். அதற்கு ஸ்லைடு ஏறக்குறைய 45 செ.மீ. வெளியே நீள வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்குக் கை அவ்வளவு தூரம் எட்டாது. தோளைத் திருப்பிப் பார்க்கும், கழுத்தை நீட்டும், வாயில் வைத்து ஊதும் மவுத்பீஸ் உதட்டை விட்டு நழுவும், ஸ்வரம் உடையும். "பிள்ளைக்கு மூச்சுப் பத்தலை" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். மூச்சில் ஒரு குறையும் இருக்காது. கருவிதான் பிள்ளையை விடப் பெரியது.

பள்ளிச் சீருடை எடுக்கும்போது "வளர்ற பிள்ளைதானே, ஒரு சைஸ் பெரிசா எடு" என்போம். டிராம்போனில் அந்தக் கணக்கு வேண்டாம். இன்றைக்கு இருக்கும் கைக்கும் உதட்டுக்கும் தோளுக்கும் எது பொருந்துகிறதோ அதை வாங்குங்கள். நாளைக்கு வேண்டியதை நாளைக்குப் பார்க்கலாம். காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர் பக்கம் இருந்து என்னிடம் கேட்கிற பெற்றோருக்கு நான் சொல்லும் வரிசையிலேயே இங்கேயும் எழுதுகிறேன்.

முதல் படி: பல், கை, தோள்

பல்லைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஆறு ஏழு வயதில் முன்பால்பற்கள் விழும். மேல்வரிசையின் நடு இரண்டு நிரந்தரப் பற்கள் ஏழெட்டு வயதிலும், அவற்றை ஒட்டிய இரண்டும் எட்டு ஒன்பது வயதிலும் முளைத்து நிற்கும். மவுத்பீஸ் உட்காரும் இடமே அதுதான். பல் ஆடிக்கொண்டிருக்கும்போது ஊதச் சொன்னால் பிள்ளை வாயை ஒரு பக்கமாக இழுத்து ஊதப் பழகும். அந்தப் பழக்கத்தைப் பிறகு திருத்துவது பெரும் பாடு. முன்பற்கள் நாலும் உறுதியாக நிற்கும்வரை பொறுங்கள். பல்லுக்குக் கம்பி போட்டிருந்தால் பல் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். டிராம்போன் மவுத்பீஸ் டிரம்பெட்டுடையதை விட அகலம் என்பதால் கம்பி போட்ட பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் இதமாகவே இருக்கும்.

அடுத்தது கை. பிள்ளையை நேராக உட்கார வையுங்கள். வலது கையை முகத்துக்கு நேர் முன்னே நீட்டி, கட்டைவிரலும் முதல் இரண்டு விரல்களும் ஒரு பென்சிலைப் பிடிப்பதுபோல் கூடட்டும். உதட்டிலிருந்து அந்த விரல்நுனி வரை டேப்பால் அளந்து பாருங்கள். தோளைத் திருப்பாமல் 60 செ.மீ. அளவுக்கு வந்தால் முழு அளவு டிராம்போனில் ஆறாவது பொசிஷன் எட்டும் என்று நம்பலாம். 50-ஐ ஒட்டி நின்றால் எட்டாது. தோராயமான அளவுதான். கருவியைக் கையில் கொடுத்துப் பார்ப்பதே கடைசித் தீர்ப்பு. ஏழாவது பொசிஷன் 56 செ.மீ. வெளியே போகும். பெரியவர்களே அதற்கு எக்கத்தான் செய்வார்கள், அதனால் முதல் வருடம் அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

தோளைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். டிராம்போனின் முழுப் பாரத்தையும் இடது கை தாங்குகிறது. வலது கை ஸ்லைடை நகர்த்த மட்டுமே. அது பாரம் சுமந்தால் ஸ்லைடு ஓடாது. அரைக் கிலோ சர்க்கரைப் பொட்டலம் இரண்டை ஒரு பையில் போட்டு இடது கையால் நெஞ்சுயரத்தில் ஐந்து நிமிஷம் பிடிக்கச் சொல்லுங்கள். முழங்கை இடுப்பில் முட்டுக்கொடுத்தால், அல்லது உடம்பு சாய்ந்தால், பித்தளை டிராம்போனுக்கு அந்தப் பிள்ளைக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாம் படி: முதலில் மவுத்பீஸ் மட்டும்

கருவிக்கு முன்னால் ஒரு மவுத்பீஸை வாங்குங்கள். செலவு மிகக் குறைவு, அதிலிருந்து தெரிய வருவதோ நிறைய. உதடுகளைச் சேர்த்து, நடுவில் காற்று அதிர "ப்ப்ர்ர்" என்று ஊதுவதுதான் இந்தக் கருவியின் உயிர். குழாயும் அதன் விரிந்த முனையான மணியும் அந்த அதிர்வைப் பெருக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். வெறும் மவுத்பீஸில் பிள்ளை சத்தத்தை ஏற்றி இறக்கி விளையாடுகிறதா, சில நாள் கழித்தும் தானாக எடுத்து ஊதுகிறதா என்று கவனியுங்கள். ஊதினால் ஆசை உண்மை. பெட்டியிலேயே கிடந்தால் இன்னும் ஒரு வருடம் பொறுப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

அளவு விஷயத்தில் தொடக்கப் பிள்ளைக்கு பாக் நிறுவனத்தின் 12சி அல்லது 6½ஏஎல் என்ற வடிவங்கள் வழக்கம். யமஹாவில் 48 என்ற எண் கிட்டத்தட்ட இந்த 6½ஏஎல் அளவு. பாக் வரிசையில் எண் ஏற ஏற வாய் சிறுக்கும், ஆகவே 12சி சின்ன உதட்டுக்கு. இன்னொன்றையும் மறக்காமல் கேளுங்கள்: மவுத்பீஸின் தண்டு சின்ன ஷாங்கா, பெரிய ஷாங்கா? தொடக்கக் கருவிகள் ஏறக்குறைய எல்லாமே சின்ன ஷாங்க். பெரிய தண்டு அதில் நுழையாது. சின்னத் தண்டைப் பெரிய துளையில் செருகினால் உள்ளே போய்த் தொளதொள என்று ஆடும்.

மூன்றாம் படி: எந்த வகை

இங்கேதான் முடிவு எடுக்க வேண்டும், அதனால் நிதானமாகப் படியுங்கள்.

சாதாரண டெனார் டிராம்போன் பி ஃபிளாட் சுருதி. அதன் குழாயை நீட்டி வைத்தால் ஏறக்குறைய 9 அடி. உலகம் முழுக்கப் பிள்ளைகள் கடைசியில் வந்து சேருவது இதில்தான். கை எட்டுகிற பிள்ளை, பெரும்பாலும் பத்துப் பதினொரு வயதைத் தாண்டியது, நேராக இதிலேயே தொடங்கலாம். பித்தளையில் வேண்டுமென்றால் யமஹா ஒய்.எஸ்.எல். 354 போன்ற மாடல் நல்ல அளவுகோல். அதன் போர், அதாவது ஸ்லைடு குழாயின் உள்விட்டம், 12.7 மி.மீ. சின்ன நுரையீரலுக்கு அந்த அளவு போதும்.

கை எட்டாத பிள்ளைக்கு இ ஃபிளாட் ஆல்டோ இருக்கிறது. குழாய் நீளம் ஆறரை அடி சுமார். ஆறாவது பொசிஷனுக்கு 34 செ.மீ. நீட்டினால் போதும். 45-க்கும் 34-க்கும் உள்ள இந்த வித்தியாசம்தான் எட்டு வயதுப் பிள்ளை அழாமல் ஊதுவதற்கும் கருவியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம். பித்தளை ஆல்டோ விலை கூடியது, தேர்ந்த வாசிப்பவர்களுக்காகச் செய்வது. பிள்ளைகளுக்கு பிபோன் மினி என்ற பிளாஸ்டிக் ஆல்டோ வருகிறது. இ ஃபிளாட் என்பது நமக்கு இரண்டரைக் கட்டை, நாதஸ்வரத்துக்குப் பழகிய சுருதி. கோயில் மேளத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குக் காதுக்கு அந்நியமாக இராது.

ஆல்டோவில் ஒரு சங்கடம் உண்டு. டெனாரில் முதல் பொசிஷனில் வரும் ஸ்வரம் வேறு, ஆல்டோவில் வருவது வேறு. ஸ்வரத்தின் பெயரைப் பொசிஷனோடு மனப்பாடம் செய்த பிள்ளை, டெனாருக்கு மாறும்போது கொஞ்சம் தடுமாறும். ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் இரண்டிலும் ஒரே எழுத்து ஒரே பொசிஷனில் வரும்படி எழுதிக்கொடுத்துச் சமாளிப்பார். தெரியாமல் வாங்கிக்கொண்டு போய் நிற்காதீர்கள்.

முழு அளவிலேயே பிளாஸ்டிக்கில் கிடைப்பது பிபோன். எடை 800 கிராம் அளவில்தான். சாதாரண பித்தளை டெனார் ஒரு கிலோவுக்கு மேல், ஒன்றரைக் கிலோவை நெருங்கும். கை எட்டுகிறது, தோள் தாங்கவில்லை என்ற பிள்ளைக்கு இதுதான் சரி. நாதம் பித்தளையின் செழுமைக்கு வராது, ஸ்லைடு வழுவழுப்பிலும் ஒரு படி கீழே. ஆனால் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கை தவறி விழுந்தால் பித்தளை ஸ்லைடுக்கு அன்றோடு சீவன் போகும். பிளாஸ்டிக் பெரும்பாலும் தப்பித்துவிடும். எட்டு வயதுக்கு அது சின்ன விஷயமில்லை. முதல் இரண்டு வருடத்துக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது பிளாஸ்டிக்கைத்தான். "விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கு" என்று அய்யாவோ அப்பத்தாவோ சொன்னால் சொல்லட்டும். பிள்ளை தினமும் எடுத்து ஊதுவதுதான் நமக்கு முக்கியம்.

டிரிகர் வைத்த டிராம்போனைக் கடைக்காரர் கட்டாயம் காட்டுவார். இடது கட்டைவிரலால் அழுத்தும் ஒரு வால்வு, கூடுதல் குழாய்ச் சுருளைத் திறந்து சுருதியை எஃப்-க்கு இறக்கும். ஆறாவது பொசிஷனில் எடுக்க வேண்டிய அந்த ரிஷபம் டிரிகரோடு முதல் பொசிஷனிலேயே வந்துவிடும். கேட்க அருமையாக இருக்கிறது, கை எட்டாத பிரச்சினையும் தீர்ந்தது. ஆனால் அந்தச் சுருள் முழுக்க இடது தோளில் வந்து உட்காருகிறது, எடை இரண்டு கிலோவை ஒட்டிப் போய்விடும். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் நல்ல யோசனை. எட்டில் வேண்டாம். சிறு பிள்ளைகளுக்கென்றே ஸ்லைடைக் குறுக்கி, ஒரு வால்வையும் சேர்த்து யமஹா ஒய்.எஸ்.எல். 350சி என்ற மாடலைச் செய்திருக்கிறது. கிடைத்தால், கைக்காசும் இடம் கொடுத்தால், நல்ல கருவி.

கல்யாண பேண்டு செட்டுகளில் ஸ்லைடே இல்லாமல் மூன்று வால்வு வைத்த டிராம்போனைப் பார்த்திருப்பீர்கள். கை எட்டும் கவலை அதில் இல்லை. ஆனால் பிள்ளைக்கு டிராம்போன் என்று ஆசை வருவதே அந்த நீளும் ஸ்லைடைப் பார்த்துத்தான். ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிக்கொண்டு போய்க் கமகம் பிடிக்க மேல்நாட்டுப் பித்தளைக் கருவிகளில் இதை விட்டால் வேறு ஏது? அதை விட்டுவிட்டு வால்வுக்குப் போக எனக்கு மனம் வருவதில்லை.

நான்காம் படி: விளம்பரத்தில் வரும் எண்கள்

போர் 12.7 மி.மீ. அளவில் இருக்கட்டும். 13.9 மி.மீ. என்பது ஆர்க்கெஸ்ட்ராவில் வாசிக்கும் பெரியவர்களின் அளவு, பிள்ளை ஊதினால் மூச்சு எங்கே போகிறது என்றே தெரியாது. மணி எட்டு அங்குல விட்டம் போதும். அரக்கு நிறமா, வெள்ளி முலாமா என்பதெல்லாம் கண்ணுக்குத்தான். "தொழில்முறைத் தரம்" என்று போட்டு மிக மலிவாக இணையத்தில் வருவதை, கையில் எடுத்து ஸ்லைடை ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஸ்லைடு சிக்கினால் அதைச் சரிசெய்யும் கூலி கருவியின் விலையைத் தாண்டும்.

ஐந்தாம் படி: பழையது வாங்கினால்

செட்டிநாட்டில் நமக்கு ஒரு வசதி, வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பார். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் பேண்டு ஒரு முக்கியமான பாடப்புறச் செயல்பாடு. அங்கே பிள்ளைகள் வளர்ந்ததும் விற்கிற நல்ல கருவிகள் சந்தைக்கு வருகின்றன. உள்நாட்டில் பித்தளை பேண்டு வாத்தியங்களுக்குப் பேர்போன ஊர் உத்தரப் பிரதேசத்தின் மீரட். சென்னையில் கேட்டுப் பார்க்க வேண்டுமென்றால் அண்ணா சாலையில் 1842-லிருந்து நடக்கும் மியூசி மியூசிகல் என்ற இசைக்கருவிக் கடை இருக்கிறது. கேட்கும் மாடல் இருக்கிறதா என்று போனில் உறுதி செய்துகொண்டு, பல்லவனில் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். பிள்ளை இல்லாமல் போய் வாங்குவது, கால் இல்லாமல் செருப்பு வாங்குகிற கதை.

பழைய கருவியில் பார்க்க வேண்டியது நூற்றுக்குத் தொண்ணூறு ஸ்லைடுதான். வெளி ஸ்லைடை முழுக்கக் கழற்றி, இரண்டு குழாய்களையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, நீளவாக்கில் கண்ணை ஓட்டுங்கள். ஒளிக்கோடு எங்காவது நெளிந்தால் அங்கே நசுங்கல் இருக்கிறது. மணியில் உள்ள நசுங்கல் அழகைத்தான் கெடுக்கும், நாதத்தை அவ்வளவாகத் தொடாது. ஸ்லைடில் நகக்கண் அளவு நசுங்கல் இருந்தாலும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் கை தடுக்கும்.

உள் குழாய்களின் நுனியில் கொஞ்சம் தடித்த பகுதி இருக்கும். வெளிக்குழாயைத் தொட்டு உரசி ஓடுவது அந்த நுனிதான். வெள்ளையாகப் பளபளத்தால் முலாம் உயிரோடு இருக்கிறது. மஞ்சள் அல்லது சிவப்பாக உலோகம் தெரிந்தால் தேய்ந்துவிட்டது. அப்புறம் ஸ்லைடின் இரண்டு குழாய்களையும், ஒரு கால், மறு கால் என்று தனித்தனியாக உள்ளே விட்டு ஓட்டிப் பாருங்கள். தனியே நன்றாக ஓடி, சேர்த்துப் போட்டால் இறுகினால், இரண்டு கால்களும் இணையாக இல்லை என்று பொருள். தேர்ந்த ரிப்பேர்க்காரர் நேராக்குவார், ஆனால் அப்படி ஒருவர் பக்கத்தில் இல்லாத ஊரில் அதை நம்பி வாங்க வேண்டாம்.

காற்றுக் கசிவுக்கு எளிய சோதனை: ஸ்லைடைத் தனியாக எடுத்து, மணியோடு சேரும் வாயைக் கட்டைவிரலால் இறுக மூடி, மவுத்பீஸ் பக்கம் ஊதுங்கள். மூச்சு நகரக் கூடாது. உஸ் என்று கேட்டால் கீழே எச்சில் நீர் வடியும் மூடியின் கார்க்கைப் பாருங்கள். அது போயிருந்தால் மாற்றுவது சுலபம். கார்க் சரியாக இருந்தும் கசிந்தால் விட்டுவிடுங்கள்.

சுருதி சேர்க்கும் டியூனிங் ஸ்லைடு கையால் இழுத்தால் வர வேண்டும். மவுத்பீஸ் மாட்டிக்கொண்டிருந்தால் கட்டிங் பிளேயரைத் தூக்காதீர்கள், அதற்கென்றே கழற்றும் கருவி இருக்கிறது. ஸ்லைடு பூட்டுப் பிடிக்கிறதா, பெட்டிக்குள் கருவி ஆடாமல் உட்காருகிறதா என்பதையும் பாருங்கள். நீங்களே பார்க்கத் தயங்கினால், உங்கள் ஊர் பேண்டு செட்டில் பல வருடம் ஊதிய பெரியவர் ஒருவரைக் கூட்டிப்போங்கள். ஸ்லைடு கருவியை அவர் வாசித்திராவிட்டாலும் பித்தளைக் குழாயில் எங்கே காற்றுப் போகிறது என்று காதாலேயே சொல்லிவிடுவார்.

வெளிநாட்டிலிருந்து வருவதானால், ஸ்லைடைப் பூட்டி, பூட்டின் மேல் துணி நாடாவால் ஒரு சுற்றுச் சுற்றி, மவுத்பீஸைத் தனியாகத் துணியில் பொதிந்து வைக்கச் சொல்லுங்கள். மவுத்பீஸ் பெட்டிக்குள் உருண்டு உருண்டுதான் பாதி ஸ்லைடுகள் நசுங்குகின்றன. வாங்கிய பில் கையிலேயே இருக்கட்டும்.

ஆறாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

நம் ஊர் வெயிலும் செம்மண் தூசியும் ஸ்லைடுக்கு ஆகாது. ஸ்லைடு கிரீமைத் துளி எடுத்து உள் குழாயின் நுனியில் தடவி, தண்ணீர் தெளிப்பானால் இரண்டு முறை தெளித்தால் வெண்ணெய்போல் ஓடும். பிளாஸ்டிக் ஸ்லைடுக்குக் கிரீமே வேண்டாம், வெறும் தண்ணீர்த் தெளிப்பு போதும். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் இரண்டும் வேண்டவே வேண்டாம், தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். கழுவும்போது வெதுவெதுப்பான தண்ணீர். கொதிக்கும் தண்ணீர் மேல்பூச்சை உரித்துவிடும்.

ஆச்சிகளுக்கு ஒரு வேண்டுகோள். பித்தளையைக் கண்டால் புளி போட்டுத் தேய்க்கத் தோன்றும். குத்துவிளக்குக்குச் சரி, டிராம்போனுக்குக் கூடாது. அதன் மேல் மெல்லிய அரக்குப் பூச்சு இருக்கிறது, புளியும் பித்தளைப் பொடியும் அதை அரித்துவிடும். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.

மூடிய காருக்குள் மே மாத மதியத்தில் விட்டு வைக்காதீர்கள், பிளாஸ்டிக்கானால் இன்னும் கவனம். ஊதி முடித்ததும் எச்சில் நீரை வடித்துவிட்டுப் பெட்டிக்குள் வைக்கப் பிள்ளையையே பழக்குங்கள். சுவரில் சாய்த்து வைக்கும் பழக்கம் முதல் நாளே வேண்டாம்.

பயிற்சிக்கு இடம்: பெரிய வளவு வீடானால் நடுமுற்றத்தை ஒட்டிய பட்டாலையில் நிற்க வைத்தால் சத்தம் எதிரொலித்து வந்து, பிள்ளைக்குத் தன் நாதம் நிஜத்தை விடப் பெரிதாகக் கேட்கும். உற்சாகத்துக்கு அது நல்லது. சுருதி பிடிக்கப் பழகும் நாட்களில் மட்டும் மெத்தை, துணி உள்ள சிறிய அறைக்குப் போங்கள், பிசகு அங்கேதான் தெளிவாகக் கேட்கும். தம்புரா செயலியில் ஆல்டோவுக்கு இரண்டரைக் கட்டை, டெனாருக்கு ஆறரைக் கட்டை வைத்துவிட்டால் ஆசிரியர் இல்லாத நாட்களிலும் காது பழகும். ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம், நாளைக்கு இரண்டு தடவை. உதடு சிவந்தால், அல்லது மரத்தால், அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

ஏழாம் படி: எப்போது மாற்றுவது

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே டேப்பால் அளந்து பாருங்கள். உதட்டிலிருந்து விரல்நுனிவரை 60 செ.மீ. தாண்டியதும் யாரிடமாவது ஒரு முழு அளவு டிராம்போனை இரவல் வாங்கி, ஆறாவது பொசிஷனில் அந்த ரிஷபத்தை ஊதச் சொல்லுங்கள். தோள் திரும்பாமல், மவுத்பீஸ் நகராமல் வந்தால் ஆல்டோவை விற்றுவிட்டு டெனார் வாங்கும் நேரம். பிளாஸ்டிக் டெனாரில் இருக்கும் பிள்ளை, ஸ்லைடின் வேகம் போதவில்லை என்று தானே முறையிடத் தொடங்கும்போது பித்தளைக்கு மாற்றுங்கள். மவுத்பீஸை மட்டும் அதே நாளில் மாற்றாதீர்கள். புதுக் கருவியும் புது மவுத்பீஸும் சேர்ந்து வந்தால், ஒத்துக்கொள்ளாதது எது என்று பிள்ளைக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கருவி பழகி ஒரு மாதம் போன பிறகு, உதடு வளர்ந்திருந்தால் 12சி-யிலிருந்து 6½ஏஎல்-க்குப் போகலாம். பழைய கருவியைப் பெட்டியோடும் தெளிப்பானோடும் பக்கத்து ஊர்ப் பிள்ளை எதற்காவது நியாயமான விலைக்குக் கொடுத்துவிடுங்கள், நம் பக்கம் தொடக்கக் கருவி கிடைப்பது அவ்வளவு அரிது.